எண்ணெய்த் தூக்கில் ஒரு கரிக்கோடு

மிக்ஸியை ஓடவிட்ட பிறகுதான் காந்திமதி அம்மாள் வாயைத் திறக்கிறார். ஜாரில் வெறும் தண்ணீர். "பக்கத்துப் போர்ஷன்ல காத வச்சிக்கினு இருப்பா. கிட்ட வாங்க தம்பி!" என்று அந்த இரைச்சலுக்கும் மேலே கத்துகிறார். பக்கத்துப் போர்ஷனில் இருப்பது அவருடைய ஓரகத்தி வீரம்மாள்.

காந்திமதி அம்மாள் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கி உடைத்து விற்பவர். மூட்டையின் அடிவரை கையை விட்டு அள்ளிப் பார்க்காமல் எடை போட விடமாட்டார். என் விசிட்டிங் கார்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செருப்பை உள்ளே கொண்டுவரச் சொன்னார். "வாசல்ல கெடந்தா யார் வந்துக்கிறாங்கன்னு அவ மோப்பம் புடிச்சிடுவா."

நான் எங்கள் பத்திரிகைக்காக வந்தது 'எண்ணெய்த் தூக்கு' பிறந்த கதையைக் கேட்க. தொண்ணூறுகளில் வாராவாரம் ஊரையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த டிவி தொடர் அது. ஒரே சமையலறையில் இரண்டு ஓரகத்திகள். எண்ணெய் குறைகிறதா என்று பார்க்க, ஒருத்தி தூக்கில் ரகசியமாகக் கரிக்கோடு போட்டு வைப்பாள். அதை எழுதிய கோகுலகிருஷ்ணன் முன்பு இந்த வீட்டு மாடியறையில் குடியிருந்தவர்.

நிஜத்தில் கோடு போட்டவர் காந்திமதி. அதை டிவியில் பார்த்த அன்றோடு வீரம்மாளுடன் பேச்சு நின்றது. வீட்டின் நடுவே சுவர் வந்தது. "கோடு போட்டது எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். அவருகிட்ட சொல்லும்போதுகூட ரேடியோவ சத்தமா வச்சிக்கினுதான் சொல்லுவேன். இவ எப்பிடியோ கண்டுபுடிச்சி மாடிக்காரன்கிட்ட ஊதிட்டா. மார்க்கெட்டுக்குப் போனா 'கரிக்கோடு வருது'ன்னு சிரிச்சானுங்க. எம்மாம் பேஜாரு!"

வருகிற வெள்ளிக்கிழமை வீரம்மாளின் பேத்தி புனிதாவுக்குக் கல்யாணம். தாம்பூலத் தட்டோடு வீரம்மாளே அழைக்க வந்திருக்கிறார். இவர் கதவைத் திறக்கவில்லை. வாசற்படியில் வைத்துவிட்டுப் போன தட்டு இப்போது சமையல் மேடையில், வெற்றிலை வாடிக் கிடக்கிறது. "நான்தான் சொன்னேன்னு அவ ஒத்துக்கட்டும், அப்பறம் போறேன்" என்றவர், சட்டென்று மிக்ஸியை நிறுத்தினார். "அந்தப் பொண்ணுக்கு எண்ணெ தேய்ச்சி ஊத்தினது இந்தக் கைதான்" என்றார் மெதுவாக.

மாடியறையைப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சாவியைத் தந்தார்.

அறையில் மல்லாட்டை மூட்டைகள். ஓரத்தில், கீழே சமையலறையிலிருந்து ஏறி வரும் பழைய புகைக்கூண்டு. பக்கவாட்டில் ஒரு செங்கல் பெயர்ந்திருந்தது. கீழே மிக்ஸி ஓடத் தொடங்கியது. கூடவே, சமையலறையில் மாட்டியிருக்கும் கணவர் படத்தோடு அவர் பேசுவதும் அந்த ஓட்டை வழியாகக் கணீரென்று கேட்டது.

"ஏங்க, வந்துக்கிறவன் மூஞ்சே சரியில்ல. பத்திரிகையாம்! அவதான் அனுப்பிச்சிருப்பா. எண்ணெத் தூக்க அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சி வச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி, கோகுலகிருஷ்ணனும் இங்கேதானே இருந்தார் என்று உறைத்தது. இதைச் சொல்லாமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வெள்ளிக்கிழமைக் கல்யாணம் நினைவுக்கு வந்தது. இறங்கிப் போனேன்.

"எண்ணெய்த் தூக்கு அரிசிப் பானைக்குப் பின்னாலயாம்மா இருக்கு?"

அவர் முதலில் முறைத்தது பக்கத்துப் போர்ஷன் சுவரை. "அவளா சொன்னா?"

நான் புகைக்கூண்டைக் காட்டினேன். "நீங்க சொன்னதுதாம்மா. மேல நின்னா ஒரு வார்த்தை விடாம கேக்குது."

அண்ணாந்து பார்த்தார். கணவர் படத்தைப் பார்த்தார். மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருடக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்ற அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மிக்ஸி வயரைப் பிடுங்கினார். தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு வாடிய வெற்றிலையை எடுத்து முந்தானையில் துடைத்தார். பாக்கு வைத்து மடித்தார். மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.