ஆர்லீனுக்காக இறங்கிய படம்

உள்ளறையில் கணினி டிங்கென்றது. லோர்னா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். இணைய நிறுவனத்தின் மூன்றாவது எச்சரிக்கை. அவள் இணைப்பில் திருட்டுப் படம் பகிரப்படுகிறதாம். இன்னொரு முறை நடந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களாம். மெய்ன் மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் வேறு இணையம் கிடையாது. வீட்டிலிருந்தபடி வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லித்தான் அவள் பிழைப்பு ஓடியது.

அவளைத் தவிர அந்த வைஃபை கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆளான, பக்கத்து வீட்டில் மனைவி ஆர்லீனுடன் வசிக்கும் ட்வைட், சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"படம் இறக்கினது நீங்கதானே?"

"ஆர்லீனுக்காகம்மா. படுத்த படுக்கையா கெடக்கறவ பழைய படம் கேக்கறா. நான் எடுத்துக்கத்தான் செஞ்சேன், யாருக்கும் குடுக்கலையே."

"நீங்க எடுக்கும்போதே அந்த டோரன்ட் புரோகிராம் படத்தை ஊருக்கெல்லாம் குடுக்கும், ட்வைட். என் வேலையே போயிடும்."

அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"பாஸ்வேர்டை இன்னிக்கே மாத்திடுவேன். ஆனா லைப்ரரில அந்தப் படமெல்லாம் டிஸ்க்கா இருக்கு. சாயங்காலம் எடுத்துட்டு வர்றேன். ஆர்லீன் பக்கத்துல உட்கார்ந்து நானும் பாக்கறேன்."

"அவ நடுவுல பேசிக்கிட்டே இருப்பாளே."

"பேசட்டும்."

ட்வைட் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொப்பியை மாட்டினார். அவர் வெளியேறியதும் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.