விருந்துக்கு வந்த தாய்

காப்புறுதிப் பைல் பார்க்கும் லிகிதருக்குக் கந்தோரில் எல்லாருடைய நோயும் தெரியும். எல்லாருடைய கோபமும் வந்து சேரும். அரச ஊழியர்களின் சுகாதாரக் காப்புறுதியைச் சீர்திருத்தியபோது, மட்டக்களப்பில் எங்கள் கந்தோரில் அந்தப் பைல் என் மேசைக்கு வந்தது. நீங்களும் ஏதாவதொரு படிவத்தோடு எங்காவது கால் கடுக்க நின்றவர்கள்தான், ஆகவே கேளுங்கள்.

அட்டையோடு போனவர்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் தனியார் ஆஸ்பத்திரியில் படுத்தால், நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, பிறகு பற்றுச்சீட்டுகளோடு என்னிடம் வரவேண்டும். ஒரு முத்திரை மங்கலாக இருந்தாலும் பைல் திரும்பி வரும். இப்போது ஆஸ்பத்திரியில் காப்புறுதி அட்டையைக் காட்டினால் போதும்.

எங்கள் சாரதி கல்குடாக்காரர். மனைவிக்குப் பித்தப்பையில் கல் எடுத்துவிட்டு நாலாம் நாள் வேலைக்கு வந்தார். பழக்கதோஷத்தில் பற்றுச்சீட்டுக்காகக் கையை நீட்டினேன். அவர் அட்டையை எடுத்துக் காட்டிச் சொன்னார்: "மிஸ், இந்த முற தாலிக்கொடி வீட்டிலயே இருக்கு."

எழுதியவர் யாரோ

இன்னொரு நல்லதும் இருந்தது. மணமான ஊழியரின் பெற்றோருக்கும் காப்பு உண்டு. ஒரே நிபந்தனை, அவர்கள் ஊழியரின் வீட்டிலேயே வசிக்கவேண்டும். இதை எழுதியவர் எங்கள் பக்கத்தில் பெண் எடுத்தவர் அல்ல. இங்கே வீடு மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். பெற்றவள் தன் மகளோடு இருப்பாள்.

அலுவலக உதவியாளர் யோகநாதன் நாவற்குடாவில் மனைவி, மாமியாரோடு இருக்கிறார். அவருடைய தாய் கிரான் ஊரில் தன் மகள் வீட்டில். தாய்க்கு இரண்டு கண்ணிலும் படலம்; ஒன்று ஏறக்குறைய இருட்டு, மற்றதில் ஆள் நிழலாகத்தான் தெரியும். அரச ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். படிவத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற யோகநாதன் கேட்டார்: "பெத்தவ அங்க, முகவரி இஞ்ச. நான் ஆரக் கொண்டுபோய் எங்க வைக்கிற, மிஸ்?"

கிராம சேவகர் கேட்ட கேள்வி

யோசனை சொன்னது நான்தான், ஒளிக்கவில்லை. தாயைக் கொஞ்ச நாள் நாவற்குடாவில் கொண்டுவந்து வைத்தால், கிராம சேவகர் வந்து பார்த்து அங்கே வசிப்பதாக உறுதிப்படுத்துவார் என்றேன். மகள் வற்புறுத்தியதால் தாயும் ஒரு பையோடு வந்தார். சம்பந்தியம்மா கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. நல்ல மீனாகப் பார்த்து வாங்கினார். தண்ணீரைக்கூடக் கையில் கொடுத்தார். அதுதான் வினையாகப் போயிற்று. உபசாரம் கூடக் கூட அந்த மனிசிக்குக் கூச்சமும் கூடியது.

கிராம சேவகர் வந்து, இங்கேதான் இருக்கிறீர்களா அம்மா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்று, ஓம் சொல்லச் சொல்லி மகன் கையைக் காட்டினார். தாயின் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவர் சொன்னார்: "இல்ல மனே, இது மருமகள்ட வீடு. நான் விருந்துக்கு வந்த ஆள்."

கறுப்புக் கண்ணாடி

எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மை சொன்னவருக்குக் காப்பு இல்லை, பொய்க்கு வழி சொன்ன எனக்கு உண்டு. எங்கள் வழக்கத்தை விளக்கித் தலைமைக் கந்தோருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் வருவதற்குள் அரச ஆஸ்பத்திரியில் முறை வந்துவிட்டது. ஒரு கண்ணைக் காப்பாற்றினார்கள். மற்றது பிந்திவிட்டதாம்.

போன கிழமை கறுப்புக் கண்ணாடியோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாய் கந்தோருக்கு வந்தார். கடிதத்துக்குப் பதிலும் வந்திருந்தது. ஊழியரின் வீட்டில் வசிப்பதைக் கிராம சேவகர் உறுதிப்படுத்தினால் பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டினேன். மகன் கையைக் காட்டிய கதையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றி, கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனி அவன் கையக் காட்டினா எனக்குத் தெரியும், மகள். எண்டாலும் அதத்தான் சொல்லுவன்."

சீர்திருத்தம் நல்லதுதான், எழுதியவர்கள் எங்கள் வீடுகளுக்கு ஒரு தடவை விருந்துக்கு வந்துவிட்டு எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.