ஒன்று குறைத்து மாட்டுபவர்

முக்காலி மேல் ஏறி நிற்கும்போதும் தலைக்கவசத்தைக் கழற்றமாட்டார். ஒரு கையால் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பழைய தகர எண்ணைக் கொக்கியிலிருந்து எடுத்து, புதியதை மாட்டுவார். இறங்கி, பின்னால் தள்ளி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். 'விபத்து இல்லாத நாட்கள்' என்று பலகையின் தலைப்பில் பெரிதாக எழுதியிருக்கும். அதன் கீழ் தொங்குகிற எண் தப்பாக இருக்கும். உண்மைக் கணக்கைவிட ஒன்று குறைவு. நேற்றே மாட்டியிருக்க வேண்டியதை இன்றைக்கு மாட்டுகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அட்டைப்பெட்டி செய்கிற எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரிக்கு 'ஒண்ணுகம்மி அண்ணன்' என்று பெயர்.

உடனே அவரைச் சகுனம் பார்க்கிற ஆள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பொறியியல் படித்தவர். மேசை துடைப்பதற்கென்றே பத்திரிகையின் ராசிபலன் பக்கத்தை எடுத்துவைப்பவர். பதின்மூன்றாம் எண் என்று யாரும் சீந்தாமல் கிடந்த வீட்டைத் தேடிப்போய் வாங்கிக் குடியிருக்கிறார். "பூனை குறுக்க வந்தா நான் ஏன் நிக்கணும்? சரக்குத் தூக்குற போர்க்லிப்ட் வண்டி வந்தா நிப்பேன்" என்பார். ஏணிக்கு அடியில் போகக் கூடாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்வார். "ஏன்னா, மேலேருந்து ஸ்பேனர் விழும்."

அவர் மனைவி கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். "இவர் வேலைய வாசல்ல விட்டுட்டு வர்றதே இல்ல. சமையல்கட்டுல கத்தி முனை செவுத்தப் பார்த்துதான் இருக்கணும். நான் கேஸை மூடினா, பின்னாடியே வந்து இவர் ஒரு தடவை மூடுவார். மூடினத எப்படிங்க மூடுவீங்கன்னு கேட்டா, சிரிச்சு மழுப்பிடுவார்" என்று என்னிடம் புகார் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் தொழில்புத்தி, மன்னித்துவிடலாம். பலகை விவகாரம் வேறு.

பல வருடங்களுக்கு முன் அந்தப் பலகை ஆயிரத்தைத் தொட்டது. மேலாளர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் கேக் வரவழைத்தார். அண்ணன் கையில் கத்தியைக் கொடுத்து, பலகைக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தோம். எல்லோரும் கைதட்டினோம். கட்டிங் மெஷின் ஓட்டுகிறவரும் தட்டினார். வாயில் கேக்கோடு மெஷினுக்குப் போன அவர், சற்று நேரத்தில் ஆள்காட்டி விரலின் நுனியைப் பறிகொடுத்தார்.

காரணத்தை அண்ணன்தான் கண்டுபிடித்தார். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சாரின் வயர் தளர்ந்திருந்தது. எல்லா மெஷினிலும் வயரை மாற்றவைத்தார். கேக்குக்கும் விரலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று எங்களைக் கூட்டிவைத்து விளக்கினார். பலகையில் பூஜ்யத்தை மாட்டினார். மறுநாள் ஒன்றை மாட்டவேண்டும். முக்காலியில் ஏறினார், தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், இறங்கிவிட்டார். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். அன்றிலிருந்து எப்போதும் ஒரு நாள் பாக்கி.

"நம்பிக்கையெல்லாம் கிடையாதுப்பா. ஒரு மரியாதைக்குத்தான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். யாருக்கு மரியாதை என்று கேட்டேன். டீயை ஊதிக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். கட்டிங் மெஷின்காரருக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. "எனக்கு விரல்ல கொஞ்சம் கம்மி, அண்ணனுக்குப் பலகைல கொஞ்சம் கம்மி. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு" என்று கையை ஆட்டிச் சிரிப்பார்.

எல்லாம் சென்ற மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்து இறங்கும்வரைதான். என் தங்கை வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கண் மட்டும் எக்ஸ்ரே. முன்பு வந்தவர்கள் எல்லாம் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் வாசலிலேயே நின்று பலகையைப் படம் எடுத்தார். பலகைக்கு நேரெதிரே இருக்கிறது என்பதால், நான் உட்காருகிற சரக்கு அனுப்பும் அறையிலேயே கடையை விரித்தார். அண்ணனை அழைத்தார்.

"சார், கம்ப்யூட்டர்ல தானா ஏறுற கணக்கவிட பலகைல ஒரு நாள் குறையுது. நடுவுல ஏதோ ஒரு நாள் நீங்க நம்பரை ஏத்தல. அன்னிக்கு யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மேடம்."

"அப்ப ஏன் ஏத்தல?"

அண்ணன் தலைக்கவசத்தின் வாரை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

"இன்னொரு ஊர்ல இப்படித்தான் பிடிச்சேன். ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சுது, கமுக்கமா வைத்தியம் பார்த்துட்டாங்க. ஆனா பலகை மாட்டுறவருக்கு மட்டும் அன்னிக்கு நம்பரை ஏத்த மனசு வரல. கம்ப்யூட்டரை ஏமாத்திடலாம் சார், நம்பர் மாட்டுற கை ஏமாத்தாது."

விபத்தை மறைத்தார் என்று இவர் எழுதிவிட்டால் அண்ணனுக்கு இந்த வேலை போகும். அதோடு விடாது, இந்தத் தொழிலில் வேறு யாரும் அவரை வாசல்படி ஏற்றமாட்டார்கள். ஒரே வாக்கியத்தில் தப்பித்துவிடலாம். அந்த வாக்கியம்தான் மனிதருக்கு வரவில்லை. குற்றவாளி என்று சொன்னாலும் சொல்லட்டும், கண்ணேறுக்குப் பயந்தவன் என்று சொல்லிவிடக் கூடாது என்று விறைப்பாக நின்றார். படித்த படிப்பு விடவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

நாங்கள் உதவி செய்கிறோம் என்று இன்னும் கெடுத்தோம். தணிக்கை அதிகாரி ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். பலகையா, எந்தப் பலகை என்றார் வாசல் காவலர். தனக்கு எண்ணவே தெரியாது என்றார், நாள் முழுக்கப் பெட்டிகளை எண்ணி அடுக்குகிற அம்மா. நானும் என் பங்குக்கு "தெரியல மேடம்" என்று சொல்லிவைத்தேன். ஒரு தொழிற்சாலையே சேர்ந்து எதையோ மூடுகிறது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

அப்புறம் விடுப்புப் பக்கத்தைப் புரட்டினார். கட்டிங் மெஷின்காரர், மருத்துவ விடுப்பு, ஒரே ஒரு நாள். அவரை அழைத்தார்.

"அன்னிக்கு எங்க அடிபட்டுச்சு?"

"அடியா? பல்லு மேடம், பல்லு!" என்று வாயை ஆவென்று திறந்து, விரலை விட்டுக் காட்டினார். காட்டியதோ நுனியில்லாத விரல். அதிகாரி பல்லைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து மறைச்சதாத்தான் நான் எழுத வேண்டியிருக்கும். ரெண்டு பேரும் நாளைலேருந்து உள்ள வர முடியாது."

கட்டிங் மெஷின்காரர் திறந்த வாயை மூட மறந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அந்த விரலைப் பார்த்தார்.

"அவரை விட்டுடுங்க மேடம்" என்றார். "யாருக்கும் எதுவும் ஆகல. ஒரு நாள் இல்ல, நான் தினமும் ஒண்ணு குறைச்சுத்தான் மாட்டுறேன்."

"ஏன்?"

"கண்ணு பட்டுடக் கூடாதுன்னு."

அதிகாரி பேனாவை மூடினார்.

"நீங்க அதை நம்புறீங்களா சார்?"

"நம்பல மேடம்."

"அப்புறம்?"

"பயமா இருக்கு. இவர் கைதட்டிட்டுப் போனது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. வயரை மாத்திட்டேன், சென்சாரை மாத்திட்டேன். பயத்த எங்க போய் மாத்துறது?"

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. சரக்கேற்றிய வண்டி கிளம்பும்போது வாசலில் நிறுத்திப் படம் எடுத்துவைப்பது என் வேலை. ஒவ்வொரு படத்திலும் வண்டிக்குப் பின்னால் அந்தப் பலகை இருக்கும். கணினியைத் திறந்து காட்டினேன். அதிகாரி தேதியையும் எண்ணையும் ஒப்பிட்டார். இந்த வருடம், போன வருடம், அதற்கும் முந்தின வருடம். வெயிலில் ஒன்று கம்மி, மழையில் ஒன்று கம்மி. வண்டிகள்தான் மாறின.

"எந்த நாளும் நம்பர் ஏறாம நிக்கல. முதல்லேருந்தே இப்படித்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அது அந்தச் சிரிப்புதான். கட்டிங் மெஷின்காரர் பல்லைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார்; யாரும் கேட்கவில்லை.

"ஆனா பலகை சரியா இருக்கணும் சார். இப்பவே, என் கண்ணு முன்னாடி" என்றார் அதிகாரி.

அண்ணன் முக்காலியில் ஏறினார். மொத்த ஷிப்டும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் கூடியது. இத்தனை வருடங்களில் முதல்முறையாகச் சரியான எண்ணை மாட்டினார். மேலாளர் வாயெடுத்து, "இதுக்கு ஒரு கேக்..." என்றதும், "வேண்டாம்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம். இறங்கும்போது அண்ணனின் சுண்டுவிரல் கடைசித் தகரத்தை லேசாக நெம்பியது. எண் சரி, தொங்குவதுதான் கோணல். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி வேலைக்குத் திரும்பினோம்.

அன்று மெஷின் ஓடிய சத்தத்தைவிட எங்கள் நெஞ்சு அடித்த சத்தம் பெரிது. சாயங்காலச் சங்கு ஊதி, எல்லோரும் உள்ளே கொண்டுபோன அத்தனை விரல்களோடும் வெளியே வந்தபோது அண்ணன் என் அறைச் சன்னலில் சாய்ந்து, காலையில் வாங்கிவைத்த ஆறின டீயைச் சொட்டு விடாமல் குடித்தார். "ஒண்ணும் ஆகல பாரு" என்றார். என்னவோ நான்தான் பயந்துகொண்டிருந்தது போல.

சன்னல் வழியே பார்த்தோம். அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பலகையருகே நின்றார். கோணலாகத் தொங்கிய தகரத்தை, தணிக்கைக்காரர்களுக்கே உரிய கையால் நேராக்கினார். அண்ணனின் டம்ளர் அந்தரத்தில் நின்றது. காரின் கதவுவரை போன அந்தப் பெண் திரும்பி வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தகரத்தை மறுபடியும் கொஞ்சம் கோணலாக்கிவிட்டுப் போனார்.