ஹெட்போன் மாட்டிய நர்ஸம்மா

நெய்வேலியில் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தார். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். வாசலில் படுத்திருக்கும் தெருநாயைக்கூட, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றுதான் விரட்டுவார்.

ஒரு ஞாயிறு மாலை அந்த வீட்டிலிருந்து காது கூசும் வசவுகள் கேட்டன. "யாரோ அந்தம்மாகிட்ட சண்டை போட்டுக்கினு இருக்காங்க, போய்ப் பாருங்க" என்று என் மனைவி விரட்டினாள். பயந்துகொண்டே கதவைத் தட்டினேன். நர்ஸம்மாவே திறந்தார். கழுத்தில் ஹெட்போன், கையில் செல்போன். உள்ளே வேறு யாருமில்லை.

"மன்னிச்சிடுங்க சார். ஆன்லைன்ல துப்பாக்கி கேம் ஆடிக்கினு இருந்தேன். பொம்பளைக் குரல்னு தெரிஞ்சதும் ஒருத்தன் அசிங்கமா பேசுனான். அதான் திருப்பிக் குடுத்தேன்."

"கேம்காரங்ககிட்ட புகார் குடுக்கலாமே?"

"போன மாசம் இதே மாதிரி பேசுன ஒருத்தன்மேல குடுத்தேங்க. நான் திட்டுனேன்னு என்னைத்தான் ஒரு வாரம் ஆடவுடல. அவன் ஆடிக்கினேதான் இருந்தான்." "வார்டுல திட்டுனா கேட்டுக்கலாம், அது வேலை. விளையாட்டுலயும் கேட்டுக்கணுமா சார்?"

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரம் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், காத்திருக்க வைத்ததற்காக நர்ஸம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். "இதோ வந்துட்டேங்க ஐயா" என்று அவரிடம் சிரித்துவிட்டு, நர்ஸம்மா ஊசியோடு என் பக்கம் திரும்பினார்.

"வலிக்காதுங்க" என்றார்.

நன்றாகவே வலித்தது. நான் வாயே திறக்கவில்லை.