8,812ஆவது எழுத்து

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. என்னைப் பெற்ற அம்மாவே, "ராத்திரி கண்ணு முழிச்சு போன் பாக்காதேன்னா கேக்கறியா?" என்று ஒரே வரியில் கேஸை முடித்துவிட்டார். ஆனால் இது ராத்திரி நடந்ததே இல்லை. சனிக்கிழமை மத்தியானம். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே அத்தனை டியூப் லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. பேய் இருட்டினால்தான் டூட்டிக்கு வரும் என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

எங்கள் கல்லூரியின் மூன்றாம் மாடி லேப். நாற்பது கம்ப்யூட்டர், அதில் பதினொன்று உயிரோடு. நானும் பல்பும் மட்டும் இருந்தோம். பல்பு என் புராஜெக்ட் கூட்டாளி. எதைச் சொன்னாலும் லேட்டாகத்தான் எரிவான், அதனால் அந்தப் பெயர். நான்கு மணிக்கு எச்ஓடி முன்னால் டெமோ. சொதப்பினால் இன்னும் ஒரு வருஷம் இதே லேப்.

புராஜெக்ட் இதுதான்: சோஷியல் மீடியாவில் ஒரு பக்கத்துக்கு வரும் கமெண்ட்டுகளை அந்தத் தளத்திடமிருந்தே நேரடியாக வாங்கி, எத்தனை வசவு என்று எண்ண வேண்டும். பல்பு தேர்ந்தெடுத்தது எங்கள் கல்லூரிக் கிண்டல் பக்கத்தை.

"எவன்னே தெரியாம ஒருத்தன் எல்லாரையும் ஓட்றான்டா. சைக்கோ."

"ஆமாடா. சைக்கோதான்," என்றேன்.

அந்த சைக்கோ நான்தான். யாருக்கும் தெரியாது. பிடிபட்டால் டிசியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன் என்று எச்ஓடி நோட்டீஸே ஒட்டியிருந்தார். அந்த நோட்டீஸைக் கிண்டல் செய்தும் ஒரு போஸ்ட் போட்டிருந்தேன்.

அதைவிட ஹிட்டான போஸ்ட் ஒன்று உண்டு. எங்கள் வகுப்பில் ஒருவனுக்குத் திக்குவாய். செமினாரில் ஒரே வார்த்தையில் ஐம்பத்திரண்டு விநாடி நின்றான். நான் எண்ணினேன். அவன் முகத்தில் சுற்றும் வட்டத்தை ஒட்டி, 'லோடிங்' என்று போட்டேன். இரண்டாயிரம் லைக். அன்றிலிருந்து அவன் பெயரே லோடிங். அப்புறம் கடைசி வரிசைக்குப் போனான். அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டான். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

1:52. புரோகிராமை ஓட்டினோம். சிவப்பு எழுத்தில் எரர். '8,812ஆவது எழுத்து: மேற்கோள் முடியவில்லை.'

தளத்திலிருந்து வரும் ஒவ்வொரு கமெண்ட்டும் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே வரும். உள்ளே தமிழ் எழுத்துகள் தமிழாக இருக்காது. ஒவ்வொன்றும் ஆறு ஆறு குறிகளாக இருக்கும். அதை எழுத்தாக மாற்றுவதுதான் எங்கள் வேலை. கடைசி கமெண்ட்டுக்குத் திறப்புக் குறி இருந்தது. மூடும் குறி இல்லை.

"நெட்டு பாதியில கட்டாயிருக்கும்," என்றான் பல்பு.

மறுபடி ஓட்டினோம். 8,830. மறுபடி. 8,854.

பதினெட்டு. இருபத்திநான்கு. இரண்டும் ஆறால் வகுபடுகிறது, அதாவது முழு முழுத் தமிழ் எழுத்துகள்.

"டேய், இது வெட்டுப்படல," என்றேன். "வளருது."

"வளரட்டும். நான் போய் ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்துட்டு வரேன். நீ அதுக்குள்ள சரி பண்ணு. பண்ணலைன்னா உன்னைக் கொன்னுடுவேன்."

3:10. பல்பு போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நான் இணைய வயரைப் பிடுங்கினேன். ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த ஃபைலைக் கொடுத்து ஓட்டினேன். சேமித்த ஃபைல் செத்த ஃபைல். அது அசையாது.

8,902.

ஏசி நின்றது.

டக்.

கடைசி வரிசை. கீபோர்டு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அந்த வரிசையில் ஒரு கம்ப்யூட்டருக்கும் கரண்டே கிடையாது.

டக்…

ஓட்டினேன். 8,914. பன்னிரண்டு குறி, இரண்டு எழுத்து.

பக்கத்தைப் போனில் திறந்தேன். பாதியில் நிற்கும் கமெண்ட் எதுவும் அங்கே இல்லை. இருந்தால்தானே அழிக்க முடியும்?

3:36. வேறு வழியில்லாமல் அந்தக் குறிகளை மட்டும் தனியாக எடுத்துத் தமிழாக்கினேன். முதல் பாதி முழுக்கத் திட்டு, நியாயமான திட்டு. அப்புறம் இப்படி வந்தது:

'இந்தப் பக்கத்த நடத்துறவன் யாருன்னு எனக்குத் தெரியும். எங்க கிளாஸ்தான். இப்ப ஜன்னலோரமா உக்காந்திருக்கான். வயர பிடுங்கிட்டான். அவன் பேரு'

அவ்வளவுதான்.

நான் ஜன்னலோரம்தான் இருந்தேன்.

டக்.

திரையில் என் பெயரின் முதல் எழுத்து.

டக்…

இரண்டாவது.

டக்…

யோசிக்கவில்லை. ஃபைல் முடியும் இடத்தில் நானே ஒரு மேற்கோள் குறியை அடிக்கும்படி ஒரு வரி எழுதினேன். கூடவே அந்தக் கமெண்ட்டைக் கணக்கில் சேர்க்காமல் தாண்டிப் போகச் சொன்னேன். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். என்டர் தட்டினேன்.

3:41. எரர் இல்லை.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. கிரீச்.

பிறகு எதுவும் இல்லை. அதுதான் மோசம்.

"சரி பண்ணிட்டியா?" பல்பு உள்ளே வந்தான். "ஏன்டா இப்படி வேர்த்திருக்கு?"

"ஏசி நின்னுடுச்சு."

"ஓடுதேடா."

ஓடிக்கொண்டிருந்தது.

டெமோவில் பாஸ். எச்ஓடி, "பரவால்லையே, உங்களுக்குக் கூட மூளை இருக்கு," என்றார். சிரித்தோம்.

ஒன்பது நாள் கழித்து, ஆபீஸ் வாசலில் ஓர் அக்கா. கையில் சர்டிபிகேட் கவர். லோடிங்கின் உடன்பிறந்த அக்கா என்றார் கிளார்க்.

"நீ அவன் கிளாஸாப்பா?"

"ஆமாக்கா. எப்படி இருக்கான்?"

என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பார்த்தார், பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்க யாருக்கும் தெரியாதா? ரோட்டைத் தாண்டறப்ப லாரி அடிச்சிடுச்சுப்பா. இன்னையோட நாப்பத்தொரு நாள்."

எங்கள் டெமோ நடந்து ஒன்பது நாள்தான்.

"போன்ல என்னமோ டைப் பண்ணிட்டே போயிருக்கான். இந்த காலேஜ் பக்கத்துலதான். அனுப்பறதுக்குள்ள…" கவரை இன்னொரு கைக்கு மாற்றினார். "அதை நடத்தறவனைக் கண்டுபிடிச்சிட்டேன்னு காலையிலதான் சொன்னான். பேரு சொல்ல வாய் வரல, அப்புறமா எழுதிக் காட்டறேன்னான். உனக்குத் தெரியுமாப்பா, அது யாருன்னு?"

நல்ல வெயில். என் நிழலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியாதுக்கா."

திரும்பி நடந்தேன். பத்தடி கூடப் போகவில்லை.

போன் அதிர்ந்தது. 4:12.

'உங்கள் பதிவுக்கு ஒரு புதிய கருத்து.'

லோடிங்கின் கணக்கு.

முழுசாக வந்திருந்தது. கடைசியில் என் பெயர். இனிஷியலோடு. ரோல் நம்பரோடு. முற்றுப்புள்ளியோடு.

அழிக்க விரலைக் கொண்டுபோனேன்.

அதற்குள் ஒரு லைக் விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன்.

ஆபீஸ் வாசலில் அக்கா. கையில் போன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.