தீவுப் போட்டியின் கடைசி வாரம்

கண்மாய்ப் புழுதி மூக்கில் ஏற, காதில் கடல் இரைந்த கோடைக்காலம் அது. நரிக்குடிப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில், அப்பாவின் தங்கை செல்வி அத்தை வீட்டு டிவியில்தான் அந்தக் கடல் இருந்தது. தென்னை அடர்ந்த ஏதோ ஒரு தீவில் எட்டுப் பேரை இறக்கிவிட்டு, ஓடவும் நீந்தவும் வைத்து, வாரம் ஒருவராக வீட்டுக்கு அனுப்பும் போட்டி நிகழ்ச்சி. கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். அம்மா "சுருட்டமுடிக்காரி" கட்சி; அத்தை "நெட்டையன்" கட்சி. தோற்ற கட்சிக்காரி, மழை பெய்யும்வரை மற்றவள் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று பந்தயம். வற்றிய கண்மாய்க்குள் தோண்டிய ஊற்றில் ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும் என்பதால், அது லேசுப்பட்ட பந்தயமில்லை.

கடல் தண்ணீரைக் குடத்தில் மொண்டு மணலில் ஓடி, எரியும் நெருப்பில் முதலில் ஊற்றி அணைப்பவருக்கே வெற்றி என்று இறுதிப் போட்டிக்கு முன்னோட்டம் காட்டினார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் நிகழ்ச்சி ஓடியது. பார்க்க ஆளில்லையென்று நிறுத்திவிட்டார்களாம். "ஏன், நாங்க ரெண்டு பேரு பாக்கலையா?" என்று அத்தை டிவியிடமே சண்டை போட்டாள். மூன்று வாரம் காத்திருந்து அலுத்துப்போய், அதே பந்தயத்துக்குத் தாங்களே ஓடித் தீர்த்துக்கொள்வதென்று இருவரும் முடிவெடுத்தார்கள். தண்ணீருக்குப் பதிலாகக் குடத்தில் மண்ணை நிரப்பலாமே என்றேன். "மண்ணச் சொமக்க இதென்ன நூறுநாள் வேலையாடி?" என்றாள் அத்தை.

கண்மாய்க் கரையடியில் கருவேல முள்ளைக் கூட்டி இரண்டு இடத்தில் தீ வைத்தோம். ஊற்றிலிருந்து இருவரும் இடுப்பில் குடத்தோடு ஓடிவர, நான் தொண்டை கிழியக் கத்தினேன். அம்மாதான் முதலில் வந்தாள். வந்தவள் நெருப்புக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஊத்தும்மா, ஊத்து!"

"குடிக்கிற தண்ணியவா?" என்றாள், அப்போதுதான் உறைத்தவளாக.

அதற்குள் அத்தையும் வந்துவிட்டாள். மழை எப்போது பெய்வது, அம்மா எத்தனை குடம் சுமப்பது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை குடத்தைச் சாய்த்தாள். விளிம்புவரை வந்த தண்ணீரைப் பார்த்ததும் நிமிர்த்திக்கொண்டாள்.

"நீங்க ஊத்துங்க மதினி."

"நீ ஊத்து தாயி."

முள் எரிந்து தானாக அணையும்வரை இந்த மரியாதை நடந்தது. பிறகு சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தண்ணீரில்தான் அன்றைக்குச் சோறு வெந்தது.

இப்போது வாசலிலேயே குழாய் இருக்கிறது. ஊற்றுத் தோண்டிய இடம் முள்காடாகிவிட்டது. போன வாரம் செல்போனில் எவ்வளவோ தேடியும் அந்த நிகழ்ச்சியின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

"அந்தச் சுருட்டமுடிக்காரி ஊத்தியிருப்பாளாம்மா?" என்று கேட்டேன்.

"ஊத்தியிருப்பா. அவளுக்குப் பக்கத்துலயே கடல் கெடக்கு" என்ற அம்மா, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா மொதல்ல வந்தது நான்தான்னு ஒங்க அத்தகிட்டச் சொல்லிரு."