ஏர்போர்ட்டாரின் பதினாலு மணி நேரம்

ஏர்போர்ட்டார் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. டிராவல்ஸ் ஆபீசில் விமான டிக்கெட் போட்டுத் தருகிறவர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் மனிதர் இதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. அவ்வளவு பயம். இது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

கடல் தாண்டியிருக்கும் மகளுக்கு இது எட்டாம் மாதம். “நீ பக்கத்துல இருந்தா போதும்மா” என்று போனில் அழுதாள். மனைவி அன்றைக்கே பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டாள். தனியாகப் போய்ப் பழக்கமில்லை. இவரும் வந்தாக வேண்டும். ஏர்போர்ட்டார் கதை அளக்க ஆரம்பித்தார்.

“என்னடி நினைச்சே? பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்! நடுவுல இறங்கி ஏறணும். உன் முட்டி தாங்குமா?”

நாளாக ஆக அந்த ஊர் தள்ளித் தள்ளிப் போனது. முதலில் ஒரு இடத்தில் இறங்கி ஏறினால் போதும் என்றார். அடுத்த வாரம் அது இரண்டானது. அதற்கடுத்த வாரம் முழுசாக இரண்டு நாள் பயணம் என்றார். விட்டால் நிலாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருப்பார். மனைவி பெட்டியைத் திரும்பவும் பரணில் ஏற்றினாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு ஆபீசுக்குப் போனார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. கம்ப்யூட்டரில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தபோது, எதிர் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லுங்கம்மா, எந்த ஊருக்கு?”

அவள் வாய் திறக்காமல் சுவரில் இருந்த போஸ்டரைக் காட்டினாள். போன மாதம் அவரே ஒட்டியது.

“அட, அதுவா! இப்ப நேர் விமானமே விட்டுட்டாங்கம்மா. எங்கயும் இறங்கி ஏற வேணாம். பதினாலே மணி நேரம். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டா ஊர் வந்துரும். முட்டி வலிக்காரங்ககூட ஜம்முனு போயிட்டு வர்றாங்க.”

மேஜைமேல் அவருடைய கண்ணாடி வந்து உட்கார்ந்தது. மாட்டிக்கொண்டு பார்த்தார். கட்டின மனைவி! அவள் காட்டியது மகள் இருக்கும் ஊரின் போஸ்டர். மனிதர் அசடு வழிந்தார். பூசி மெழுகப் பார்த்தார்.

“பயமா இருக்குடி,” என்றார் கடைசியில், பக்கத்து மேஜைக்குக் கேட்காமல்.

“தெரியும். கல்யாணமான புதுசுல ராட்டினத்துப் பக்கமே வராத ஆளுதானே நீங்க. எனக்கும் பயம்தாங்க. நாமளாவது ரெண்டு பேராப் பயப்படலாம். அவ அங்க ஒத்தையில பயந்துக்கிட்டு இருக்கா.”

ஏர்போர்ட்டார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். இரண்டு டிக்கெட் போட்டார். அத்தனை வருஷ அனுபவஸ்தர், தன் பெயரை அடிக்கும்போது மட்டும் இரண்டு தடவை தப்பாக அடித்தார்.